கடைசி வண்டி ஓனெசிம்

ஃபிலியாஸின் பேரன், ஷார்லியின் மகன் ஓனெசிம் என்று சொன்னால்தான் எங்கள் ஷெட்டிகாம்ப் பக்கத்தில் ஆளைத் தெரியும். வெறும் ஓனெசிம் லராட் என்றால் எந்த லராட் என்று கேட்பார்கள். நாலைந்து குடும்பப் பெயர்களை வைத்துக்கொண்டுதான் இந்தக் கரை முழுக்கப் பிழைக்கிறது. அவனைப் பற்றி வேறு யார் சொன்னாலும் பாதிதான் சொல்வார்கள். மீதி என்னிடம் இருக்கிறது. அதனால் நான்தான் சொல்ல வேண்டும்.

நண்டுப் படகில் இருபத்தாறு வருடம் உழைத்தவன். முதுகு ஒடிந்துபோய்க் கரையேறினான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கையில் இருந்ததைப் போட்டு ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினான். "முதுகு போனவனுக்கு மோட்டார் சைக்கிளாடா?" என்று ஊரே சிரித்தது. "படகவிட இது கம்மியாத்தான் ஆடுது" என்று சொல்லிவிட்டுப் போனான். அவ்வளவுதான் பேசுவான்.

அப்புறம் மர்டீனா அவனைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் தீவின் அந்தப் பக்கத்துக்காரி, ஸ்காட்டுக் குடும்பம், தொண்டை கொஞ்சம் பெரிசு. மே கடைசியிலிருந்து அக்டோபர்வரை வெளியூர்க்காரர்களை எட்டுப் பத்து மோட்டார் சைக்கிள்களில் சேர்த்துக்கொண்டு, மலையும் கடலுமாக எங்கள் கேப் பிரெட்டன் தீவைச் சுற்றிக்காட்டுவது அவள் தொழில். முதல் வண்டி அவளுடையது. கடைசி வண்டி ஓனெசிமுடையது. அடையாளத்துக்குச் சிவப்பு மேலங்கி போட்டிருப்பான்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. சாலை எங்கே திரும்புகிறதோ அங்கே மர்டீனாவுக்கு அடுத்து வருகிறவர் நின்றுகொள்ள வேண்டும். பின்னால் வருகிறவர்களுக்கெல்லாம் கையைக் காட்டி வழிவிட வேண்டும். சிவப்பு மேலங்கி வந்து தலையாட்டினால்தான் அவர் கிளம்பலாம். வானம் இடிந்து விழுந்தாலும் அதுவரை நகரக் கூடாது. இந்த ஒரு சட்டத்தை நம்பித்தான் பதினொரு வருடம் யாரும் வழி தவறவில்லை. ஓனெசிமும் பதினொரு வருடம் வழியில் எங்கேயும் நின்றதில்லை.

என் வீடு அந்தச் சாலையோரம். ஊரே என்னை அத்தை என்றுதான் கூப்பிடும். காற்று பார்த்துச் சொல்கிறவள் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. இங்கே சுவெத் என்று ஒரு காற்று உண்டு. தென்கிழக்கே மலைமேலிருந்து திடீரென்று உருண்டு இறங்கும். கூரையைக் கழற்றும், லாரியைக் கவிழ்க்கும். ஓனெசிம் காலையில் என்னைக் கேட்டுவிட்டுத்தான் மர்டீனாவிடம் சொல்வான்.

அன்றைக்குச் செப்டம்பர் கடைசி. கூட்டம் சீக்கிரமே கிளம்பியதால் காலையில் அவன் என்னைக் கேட்க வரவில்லை. காலையிலேயே கரையோரக் கடல் இஸ்திரி போட்டதுபோல் படிந்து கிடந்தது. மலை முனக ஆரம்பித்திருந்தது. மதியத்துக்குள் சுவெத் இறங்கும் என்று எனக்குத் தெரியும். என் கோழிக் கொட்டகைக் கதவின் கீல் கழன்று கிடந்ததும் தெரியும். வண்டிகள் ஒவ்வொன்றாக வீட்டைத் தாண்டின. சிவப்பு மேலங்கி வந்தபோது சாலையில் இறங்கிக் கையை நீட்டினேன்.

"ஓனெசிம், அஞ்சே நிமிஷம்டா. கொட்டகைக் கதவு தொங்குது."

"இப்பவா அத்தை? கரையோரச் சின்னத் தீவுக்குத் திரும்புற முனையில ஆள் நிக்குமே."

"நிக்கட்டுமே. நின்னா காலு தேஞ்சா போயிடும்?"

அந்தச் சொல்லை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

அவன் மலையை அண்ணாந்து பார்த்தான். "முனகுதே அத்தை. எப்ப இறங்கும்?"

"சாயங்காலத்துக்கு முன்னாடி இறங்காது. நான் சொல்றேன்ல."

தெரிந்தே சொன்ன பொய். மதியம் என்று சொல்லியிருந்தால் அவன் நின்றிருக்க மாட்டான், என் கதவும் போயிருக்கும். நான் சொன்னதை நம்பி வண்டியை ஓரம் கட்டினான். கீலை மாட்டினான். துருப்பிடித்த திருகாணியோடு மல்லுக்கட்டினான். "வந்தது வந்த, மேல் கீலையும் பாத்துடு" என்றேன். அஞ்சு நிமிடம் இருபத்திரண்டு நிமிடமாயிற்று. கடைசித் திருகாணியை முறுக்கும்போது காற்று வந்து கொட்டகையில் மோதியது. அவன் திரும்பி என்னைப் பார்த்தான். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனான்.

முனையில் நின்றவள் பெயர் வெர்லா. தூரத்துச் சஸ்காச்சுவான் மாகாணத்தில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், அறுபது வயதிருக்கும். மீன் லாரி ஓட்டும் டெனி அவளைப் பார்த்துவிட்டு, "அம்மா, அந்தச் செவுரு மறைவுக்குப் போங்க, இது சும்மா காத்தில்ல" என்று கத்தியிருக்கிறான். "செவப்பு அங்கி வரணும்" என்று அவள் அசையவில்லை. மறுநிமிடம் காற்று வண்டியோடு அவளைத் தள்ளியது. வண்டி காலின்மேல் விழுந்து முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு முறிந்தது. ஓனெசிம் போய்ச் சேர்ந்தபோது டெனி வண்டியைத் தூக்கிக்கொண்டிருந்தான், அவளுக்கு நினைவு தப்பியிருந்தது.

மறுநாள் மர்டீனா என் வீட்டுக்கு வந்தாள்.

"அத்தை, நேத்து அவர் எங்க நின்னாருன்னு கேட்டா 'வழியில நின்னேன்'ங்கறார். ஏன்னு கேட்டா வாயே தொறக்கல. இங்க வந்தாரா?"

நான் அடுப்பில் கோழியும் உருளைக்கிழங்கும் கிளறிக்கொண்டிருந்தேன். கரண்டியை வைக்கவில்லை. "நான் சமையல்ல இருந்தேன்மா. வண்டிச் சத்தம் கேட்டுது, அவ்வளவுதான்."

"காத்து வரும்னு முன்னாடியே தெரியலையா?"

"அது யாருக்குத் தெரியும்? சில சமயம் முன்னாடியே வந்துடும்."

அவள் சிவப்பு மேலங்கியை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டாள். குளிர்காலம் முழுக்க ஊர் அவனைச் சும்மா விடவில்லை. சாராயக் கடைக்குப் போய்த் தூங்கிவிட்டான் என்றார்கள். எவளோ ஒருத்தி வீட்டில் நின்றான் என்றார்கள். "அந்த எவளோ யாருடா, எங்களுக்கும் காட்டேன்" என்று தேவாலய வாசலிலேயே டெனி கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற நானும் சிரித்தேன்.

ஓனெசிம் எப்போதும்போல எனக்கு மீன் கொண்டுவந்தான், விறகு பிளந்து போட்டான். ஒருநாள் தாங்காமல் கேட்டேன்.

"ஏன்டா என் பேரைச் சொல்லல?"

"நின்னது நான்தான அத்தை."

"பொய் சொன்னது நானு."

"உங்ககிட்டதான் இந்த ஊரே காத்து கேக்குது. என்கிட்ட யாரு என்ன கேக்கறா?" என்று சொல்லிவிட்டுக் கோடாலியை எடுத்தான்.

இதற்குப் பிறகும் மே மாதம்வரை வாயை மூடிக்கொண்டிருந்தேன். முதல் கூட்டம் கிளம்பும் அன்று தேவாலயக் கூடத்தில் எல்லோருக்கும் காலைச் சாப்பாடு. எழுந்து நின்றேன். மர்டீனாவுக்கும் டெனிக்கும் வெளியூர்க்காரர்களுக்கும் கேட்கும்படி எல்லாவற்றையும் சொன்னேன். கதவு, கீல், காற்று, சமையலறையில் சொன்ன இரண்டாவது பொய், எல்லாம். டெனி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மர்டீனா கூட்டத்தைக் கொஞ்சம் காக்கவைத்துவிட்டு, அன்றைக்கே மேலங்கியோடு ஓனெசிம் வீட்டுக்குப் போனாள். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

"அத்தை எல்லார் முன்னாடியும் எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. நிக்கக் கூடாதவர் நின்னீங்க, அது தப்புதான்" என்றாள். "ஆனா நான் நெனச்ச தப்பு இல்ல. வந்துடுங்க."

அவன் மேலங்கியைத் தொடவில்லை. என்னைப் பார்த்தான். "அந்தம்மாகிட்ட சொன்னீங்களா?"

"எந்தம்மா?"

"கால் ஒடிஞ்சவங்க. இவங்ககிட்ட சொல்லி என்ன ஆகப்போவுது? அவங்ககிட்டதான சொல்லணும்."

மர்டீனாவே எண்ணை அழுத்தி போனை என் கையில் கொடுத்தாள். வெர்லா முழுக்கக் கேட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"அப்ப அவர் விழலையா?" என்றாள். "அத்தன நேரம் வரலன்னதும் பின்னாடி எங்கயோ விழுந்து கெடக்கறார்னு நெனச்சேன். நானும் போயிட்டா தேட ஆளில்லையேன்னுதான் நகரல. சட்டத்துக்காக யாரு அந்தக் காத்துல நிப்பா? அவருக்காகத்தான் நின்னேன். போகட்டும், நல்லா இருக்கார்ல?"

போனை வைத்துவிட்டு அதை அப்படியே ஓனெசிமிடம் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாமோ? இல்லை, மறுபடி பாதி சொல்கிற வேலை எனக்கு வேண்டாம்.

"எனக்காகவா?" என்று கேட்டான். நாற்காலியில் உட்கார்ந்தான். அவள் தன்னைச் சபித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்து அந்தக் குளிர்காலத்தைக் கடத்தியவன் அவன். அது அவனுக்குத் தாங்கிக்கொள்ள முடிந்த சுமை. இது முடியவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. மேலங்கியை மடித்து மர்டீனா கையில் கொடுத்தான்.

"வேற ஆள வச்சுக்க மர்டீனா. என்னால முடியாது."

அந்த வாரமே ஆண்டிகொனிஷ் ஊரிலிருந்து ஒருவன் வந்து மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு போனான். இப்போது ஓனெசிம் மீன் கூடத்தில் பெட்டி அடுக்குகிறான். முதுகு வலி அதிகம். கூட்டம் சாலையில் போகும் சத்தம் கேட்டால் உள்ளே போய்விடுகிறானாம்.

நான் உண்மையைச் சொன்னதே தப்பு என்று ஊரில் சிலர் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சொன்னது சரிதான். மர்டீனா கேட்ட அன்றைக்கே, அந்தக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லியிருந்தால் வெர்லாவிடம் அவனே போய்ப் பேசியிருப்பான், அவளே அவனைத் தேற்றியிருப்பாள், வண்டியும் அவனிடம் இருந்திருக்கும். எட்டு மாதம் கழித்துச் சொன்னேன். அந்த எட்டு மாதத்தை அவனுக்கு எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.