இரண்டு மிஸ்டு கால்

மேடம் பஸ் ஏறிவிட்டார் என்பதை எனக்குச் சொல்வது மிஸ்டு கால்தான். ஒன்று வந்தால், ‘ஏறிட்டேன், உனக்கு இடம் போட்டு வச்சிருக்கேன்’ என்று அர்த்தம். இரண்டு வந்தால், ‘இடம் இல்ல, நின்னுக்கிட்டுதான் வரணும்.’ எடுத்துப் பேசக் கூடாது. பதிலுக்கு நான் ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணினால், ‘சரி, கெளம்பிட்டேன்.’ இந்தச் சட்டத்தையெல்லாம் போட்டது நான்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்குச் சிதம்பரத்தில் வகுப்பு. வாரம் முழுக்க வேலை பார்க்கிறவர்கள் தபாலில் படிக்கிற பி.ஏ. வரலாறு. மேடம்தான் பேராசிரியர். கடலூர் பஸ் ஸ்டாண்டில் ஏறுவார். நான் முதுநகரில் ஏறுவேன். அங்கேதான் அன்றைக்கும் இன்றைக்கும் தோசை மாவு அரைத்து விற்கிறேன்.

முதல் சில மாதம் அவரை வகுப்பில் மட்டுமே தெரியும். குறிப்பு எதுவும் கையில் இருக்காது. சாக்பீஸை உருட்டிக்கொண்டே பேசுவார், குரல் வராந்தா கடைசி வரைக்கும் போகும். செத்துப்போன ராஜாக்களை நிற்க வைத்துக் கேள்வி கேட்பார். எங்களையும் கேட்பார். என்னிடம் வந்துவிடக் கூடாதே என்று நான் கடைசி பெஞ்சில் முன்னால் இருக்கிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருப்பேன்.

ஒரு ஞாயிறு நான் ஏறிய பஸ்ஸில் அவர் பக்கத்து சீட் மட்டும்தான் காலி. நான் உட்காரவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“ஏங்க, இந்த சீட்டுல முள்ளா இருக்குது?” என்றார்.

உட்கார்ந்தேன். பஸ் ஆலப்பாக்கம் தாண்டியது. வெள்ளாற்றுப் பாலம் நெருங்கியதும் அவர் கை முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்தது. கண்ணை மூடிக்கொண்டு, “பாலம் முடிஞ்சதும் சொல்லுங்க” என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, “முடிஞ்சுதா?” என்றார்.

“தெரியல மேடம். நானும் கண்ண மூடிக்கிட்டுதான் இருக்கேன்.”

அவர் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். “என்னக்கா, என்னையும் சேத்துக்கிட்டா நானும் சிரிப்பேன் இல்ல” என்றார். பாலம் எப்போதோ முடிந்திருந்தது.

அதற்குப் பிறகுதான் இந்த மிஸ்டு கால் ஏற்பாடு. வகுப்பில் நான் அவருக்கு ‘நீங்க’. பஸ்ஸில் ‘நீ’. ஒரு வருடத்தில் ‘வாடி’ ஆகிவிட்டது. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், அவ்வளவுதான். பஸ்ஸில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்துகொள்வார். கடை போர்டுகளில் எழுத்துப் பிழை கண்டுபிடிப்பார். சமையல் வராது. நான் கொடுக்கிற மாவில் ஊற்றுகிற தோசைகூட வட்டமாக வராது. “இன்னைக்கு இலங்க வந்துச்சுடி. நேத்து ஆப்பிரிக்கா” என்பார்.

ஒருநாள் கேட்டார். “படிப்ப ஏன் விட்ட?”

“பத்தாவது ரிசல்ட்ட நான் பாக்கல மேடம்.”

“ஃபெயிலா?”

“இல்ல, பாஸு. அது எனக்கு முப்பத்திநாலு வயசுலதான் தெரியும்.”

பேப்பரில் ரிசல்ட் வந்த அன்று நான் நெல்லிக்குப்பத்தில் அத்தை வீட்டுக்கு ஓடிவிட்டேன். கணக்கில் போய்விட்டது என்று எனக்கு நிச்சயம். வீட்டிலும் யாரும் பள்ளிக்கூடம் வரை போய்ப் பார்க்கவில்லை. இவளே சொல்கிறாள், சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். பல வருடம் கழித்து வயது சர்டிபிகேட்டுக்காகப் பள்ளிக்கூடம் போனபோது அங்கிருந்த கிளார்க் பழைய கட்டிலிருந்து மார்க் ஷீட்டையும் எடுத்துக் கொடுத்தார். “இத வாங்காமலே போயிட்டியாம்மா?” என்றார். கணக்கில் நாற்பத்தொன்று. அதை வைத்துக்கொண்டுதான் பிரைவேட்டாகப் பன்னிரண்டாவது எழுதினேன், பிறகு இந்த பி.ஏ.

மேடம், “பாஸான பொண்ணு ஃபெயில்னு சொல்லிக்கிட்டு இத்தன வருஷம் சுத்தியிருக்க” என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசியதில்லை.

நான் படிப்பை முடித்தேன். பல வருடம் கழித்து அவர் ஓய்வு பெற்றார். மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செவ்வாயும் வெள்ளியும் மாவு கொண்டுபோய்க் கொடுப்பேன். மற்ற நாட்களில் எனக்கு இருப்புக் கொள்ளாது. பாத்ரூமில் வழுக்கி விழுந்திருப்பாரோ, கேஸை மூடாமல் தூங்கியிருப்பாரோ, படியில் இறங்கும்போது தலை சுற்றியிருக்குமோ. என் மண்டைக்குள் மேடம் எத்தனையோ தடவை விழுந்துவிட்டார்.

“மேடம், தினம் காலைல ஒரு மிஸ்டு கால் குடுங்க” என்றேன்.

“ஏண்டி, நான் செத்துட்டனான்னு செக் பண்றியா?”

“ஆமா.”

“நேரா சொல்ற. அதுக்காகவே குடுக்குறேன்.”

ஆறு பத்துக்கு வரும். ஒரே ரிங். பார்த்தால்தான் எனக்கு மூச்சு சீராகும். இரண்டு வருடத்துக்கு மேல் ஒருநாள்கூடத் தவறவில்லை.

அந்த வெள்ளிக்கிழமையும் வந்தது. அப்போது கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடினால் எனக்கு வேறு எதுவும் காதில் விழாது. உளுந்தை வழித்துப் போட்டுவிட்டுக் கையைத் துடைத்து, அலமாரியில் இருந்த போனை எடுத்தேன். மேடம் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இரண்டு என்று இருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. பஸ் ஞாபகம். ‘இடம் இல்ல, நின்னுக்கிட்டுதான் வரணும்.’ ஓய்வு பெற்ற பிறகும் குறும்பு போகவில்லை பார் என்று நினைத்தேன். நானும் பழைய பழக்கத்தில் ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணினேன். பிறகு அரிசியைப் போட்டு அரைத்தேன். பாக்கெட் போட்டேன். பக்கத்துத் தெருக் கடைகளுக்குக் கொடுத்தேன்.

எட்டரைக்கு மஞ்சக்குப்பம் போனபோது பால் பாக்கெட் கதவில் மாட்டிய பையிலேயே இருந்தது. தட்டினேன். கீழ்வீட்டுக்காரர் ஓடி வந்து தாழ்ப்பாளை உடைத்தார். மேடம் சமையல்கட்டுத் தரையில் கிடந்தார். அடுப்பு பற்ற வைக்கவில்லை. உள்ளங்கைக்குக் கீழே போன் இருந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, போய் ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும் என்றார்கள். அப்படியென்றால் அதற்கு முன்னால் எவ்வளவு நேரம் என்று நான் கேட்கவில்லை.

திட்டக்குடி, வடலூர் என்று எங்கெங்கிருந்தோ பழைய மாணவர்கள் வந்தார்கள். அவரவர் வகுப்பை அவரவர் சொன்னார்கள். நான் ஒரு ஓரமாக நின்றேன். புயல் வந்தால் பயம், பஸ் லேட்டானால் பயம், போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டாலும் பயம் என்று வாழ்ந்தவள் நான். அந்த ஒரு காலையில் மட்டும் எனக்குப் பயம் வரவில்லை.

அந்த ஒரு ரிங்கைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. அது அவர் காதில் விழுந்திருந்தால் என்னவென்று எடுத்துக்கொண்டிருப்பார்? எங்கள் சட்டப்படி அதற்கு ஒரே அர்த்தம்தான். ‘சரி, கெளம்பிட்டேன்.’

ஒருவேளை இரண்டுமே வழக்கம்போல ஒரு ரிங்கில் கட் பண்ணினதாக இருக்கலாம். உண்மையிலேயே விளையாட்டாக இருக்கலாம், விழுந்தது அதற்குப் பிறகு இருக்கலாம். நாலு மாதம் இதைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு லீவுக்கு வந்திருந்த என் தங்கை மகள், வேறு எதையோ எனக்குச் சொல்லிக் கொடுக்கும்போது, “பெரியம்மா, இந்த போன்ல மிஸ்டு கால் எத்தன செகண்ட் அடிச்சுதுன்னுகூட காட்டும், தெரியுமா?” என்றாள்.

எங்கே என்று கேட்டேன். பெயரைத் தொட்டு, கீழே தள்ளிக்கொண்டே போகணும் என்றாள்.

“யாருது பாக்கணும்? குடுங்க, நான் பாத்து சொல்றேன்.”

“வேணாம். நானே பாக்குறேன்.”

மொட்டை மாடிக்குப் போனேன். வெயிலில் திரை சரியாகத் தெரியவில்லை, முந்தானையால் மறைத்துக்கொண்டேன். முதலில் கீழே இருந்த பழைய நாட்களைப் பார்த்தேன், எல்லா நாளும் இரண்டு செகண்ட், மூன்று செகண்ட். பிறகு மேலே, அந்த வெள்ளிக்கிழமைக்குப் போனேன். ஆறு பத்து, இரண்டு செகண்ட். ஆறு பதினான்கு, நாற்பத்துமூன்று செகண்ட். அதற்கு மேலே, ஆறு இருபத்தாறு, நான் கொடுத்தது.

நாற்பத்துமூன்று செகண்ட் என்றால் அது தானாக நிற்கும் வரை அடித்திருக்கிறது. அவர் கட் பண்ணவில்லை.

கீழே வந்தபோது தங்கை மகள், “பாத்தீங்களா?” என்றாள். பார்த்தேன் என்றேன்.

இப்போது காலையில் ஆறு பத்துக்குக் கிரைண்டரை நிறுத்திவிடுகிறேன். பாதி அரைபட்ட உளுந்து அப்படியே கிடக்கும். போனை மடியில் வைத்துக்கொண்டு ஆறு இருபத்தாறு வரை உட்கார்ந்திருப்பேன். ஒன்றும் வராது. சுவிட்சைப் போடும்போது தினமும் ஒன்றுதான் தோன்றுகிறது. கிளம்பிட்டேன் என்று சொல்லிவிட்டு, நான் கிளம்பவேயில்லை. அவர், படியில் என் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.