சோபா உறை

கொல்கத்தாத் தமிழர்களுக்கு ஒரு வசதி உண்டு. யாரைப் பற்றியும் அவர் முன்னாலேயே வம்பு பேசலாம், புரியாது. போன ஜனவரியில் கோல்ஃப் போட்டி பார்க்கப் போனபோதும் அந்த நம்பிக்கையில்தான் வாயைத் திறந்தேன். எனக்கு கோல்ஃப் தெரியாது. உடைகளை விமர்சிக்க அது தடையாக இருந்ததில்லை.

கடைசிக் குழி. பந்து உள்ளே விழுந்தால்தான் அந்த ஆட்டக்காரருக்கு மறுநாள் ஆட்டம் என்று பக்கத்தில் நின்ற வங்காளி ஒருவர் சொன்னார். கூட்டமே மூச்சடக்கி நின்றது. ஆட்டக்காரரின் ஸ்வெட்டர் முழுக்க மஞ்சளும் ஊதாவுமாகக் கட்டங்கள்.

“பாவம், இவன் வீட்டு சோபாவுக்கு இன்னிக்கு உறை கிடையாது” என்றேன் மனைவியிடம்.

தட்டப் போன கணத்தில் அவருக்குச் சிரிப்பு வந்து தோள் குலுங்கியது. பந்து குழியின் விளிம்பை உரசி விலகிப் போயிற்று.

அவர் நேரே என்னிடம் வந்தார்.

“சாருக்கு எந்த ஊரு?”

“கும்பகோணம்... மன்னிச்சுடுங்க தம்பி.”

“எனக்கு மதுரை. யார் கத்தினாலும் காதுல விழாது சார். தமிழ் மட்டும் விழுந்துருது.” ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டார். “இப்படிப் போட்டாத்தான் கேமரா நம்ம பக்கம் திரும்பும். ஸ்பான்சர் வேணும்ல?”

அவர் போனதும் மனைவி, “திருப்தியா?” என்றாள்.

திட்டியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன். மனுஷன் ஊரையல்லவா விசாரித்தார்.