பாதி அளவில் ஒரு பட்டுச் சட்டை

போன மாதம் நெய்க்காரப்பட்டியில் ஒரு காதுகுத்து. என் அக்கா மகள் சுகன்யாவின் குழந்தைக்கு ஒரு வயது. காலையில் பழநியில் மொட்டை, திரும்பி வந்து வீட்டில் காதுகுத்து. அம்மாவுக்கு ஜாக்கெட், பெண்ணுக்குப் பாவாடை சட்டை, இரண்டும் ஒரே பட்டில். இப்போது அதுதானே ஃபேஷன்?

தைத்தவர் என் சிபாரிசு. திண்டுக்கல்லில் எங்கள் தெருவில் இருக்கும் பர்வீன். இரண்டு வருடமாக வீட்டிலிருந்தபடியே ஜாக்கெட் தைக்கிறாள். அவள் தைத்ததைப் போட்டவர்கள் வேறு டெய்லரிடம் போவதில்லை. ஆனால் குழந்தைத் துணி இதுதான் முதல் தடவை. இது சரியாக வந்தால் வாசலில் போர்டு மாட்டுவேன் என்று சொல்லியிருந்தாள். போர்டுகூட எழுதி வாங்கிவிட்டாள். பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி அது காத்திருந்தது.

குழந்தையைக் குளிப்பாட்டி, மொட்டைத் தலையில் சந்தனம் தடவி, சட்டையை எடுத்தோம். கழுத்து நுழையவில்லை!

சாய்த்துப் பார்த்தோம். மெல்ல இழுத்துப் பார்த்தோம். சந்தனம் முழுக்கப் பட்டில் அப்பியதுதான் மிச்சம். குழந்தை வீடு அதிர அழுதது. சுகன்யாவின் மாமியார் நிதானமாக என்னிடம் கேட்டார்.

“ஏனுங்க சம்பந்தி, முடியெடுத்த பொறவுமா தலை நுழையலீங்க?”

அத்தனை மரியாதையாகக் கேட்டதுதான் கூடுதலாக வலித்தது. கத்தரிக்கோல் வாங்கி, தோள் தையலை நானே பிரித்தேன். போட்டுவிட்டு இரண்டு சேஃப்டி பின் குத்தினேன். அழுகை நின்றது, காதுகுத்தும் முடிந்தது. போட்டோவில் பின் தெரியவில்லை.

ஆனால் பர்வீனிடம் என்ன சொல்வது? “பிரமாதம்” என்று ஒரு பொய் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். பந்தியில் உட்காரும் முன்பே அவளே போன் செய்துவிட்டாள். அந்த ஆசைக் குரலைக் கேட்டதும் பொய் வரவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

போச்சு, இனி போர்டு பீரோவுக்குப் பின்னால்தான் என்று எனக்கு மனசு கனத்துப் போனது.

“அக்கா... கிளம்புறதுக்கு முன்னாடி பிள்ளை தலையைச் சுத்தி ஒரு நூலு வச்சு அளந்துட்டு வாரீங்களா?”

பூ கட்டிய நூலில் மிச்சம் இருந்தது. அளந்து, முடிச்சுப் போட்டு, பிரித்த சட்டையோடு எடுத்து வந்தேன்.

தப்பு எங்கே நடந்தது என்று அன்று மாலையே தெரிந்துவிட்டது. நம் ஊர் வழக்கப்படி சுகன்யா தன் அளவு ஜாக்கெட்டை மட்டும் பஸ்ஸில் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். குழந்தைக்கு? “என் உயரத்துல பாதி இருப்பா” என்று போனில் சொல்லியிருக்கிறாள். பர்வீன் எல்லா அளவையும் பாதியாக்கி வெட்டிவிட்டாள், கழுத்து உட்பட. ஹூக் வைத்தால் பிஞ்சு உடம்பில் குத்துமே என்று திறப்பும் வைக்கவில்லை. பாசத்தில் நடந்த தப்பு!

நூலை இஞ்ச் டேப்பில் வைத்தாள். பதினெட்டு. பிறகு என் தலையை அளந்தாள். இருபத்திரண்டு.

“ஆளு பாதிதான். தலை மட்டும் இம்புட்டா?” என்று டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதானே! அம்மாவைப் பாதியாக்கினால் குழந்தை வந்துவிடுமா? பிறக்கும்போதே தலை பெரிதாகத்தான் வருகிறது. கையும் காலும் அப்புறம் ஓடி வந்து சேர்ந்துகொள்கின்றன. கன்றுக்குட்டிக்கு நேர்மாறு. அது காலை மட்டும் நீளமாகக் கொண்டு வந்துவிட்டு, உடம்பை மெதுவாகச் சேர்க்கிறது. ஒவ்வொன்றும் தன் கணக்கில்தான் வளர்கிறது.

பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்த்தபோது, தலைக்கு மேலாகக் கையைக் கொண்டுபோய் எதிர்ப்பக்கக் காதைத் தொடச் சொன்னார்கள். தொட்டால் அட்மிஷன். தலையைக் கை எட்டிப் பிடித்துவிட்டதா என்று பார்க்கும் பரீட்சை அது! முதல் வருடம் எனக்கு எட்டவில்லை, திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருடம் தானாக எட்டியது.

தொழிலும் அப்படித்தான் போலிருக்கிறது. ஆசை முதலிலேயே பெரிதாக இருக்கிறது. கை கொஞ்சம் தாமதமாக வந்து சேர்கிறது. அதற்குள் ஆசையை வெட்டிச் சின்னதாக்கிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

பர்வீன் சட்டையின் இரண்டு தோளிலும் துணிப் பட்டன் வைத்து மறுபடி தைத்தாள். சந்தனக் கறை மேல் ஒரு சின்னப் பூ வேலை. நேற்று சுகன்யாவிடமிருந்து வீடியோ வந்தது. சட்டை ஒரே நொடியில் தலை வழியாக இறங்குகிறது, குழந்தை கை தட்டுகிறது. அதைப் பர்வீனிடம் காட்டினேன். மூன்று முறை பார்த்தாள், கண் கலங்கிவிட்டது.

இன்று காலை அவள் வாசலைக் கடக்கும்போது பார்த்தேன். போர்டு மாட்டியாகிவிட்டது. அடியில் புதிதாக ஒரு வரி, அவள் கையெழுத்தில்:

“குழந்தைகளை நேரில் அழைத்து வரவும். முதலில் தலை அளக்கப்படும்.”