தலை ஒடித்த சோளம்

யுத்தம் நடந்துக்கிட்டிருந்த காலம். பர்மா அரிசி வாறது அடியோட நின்னுபோச்சு. அதுக்கு முன்னால திருவனந்தபுரத்துல பர்மா அரிசின்னா எங்க வீட்டுல எல்லாரும் மூஞ்சியைச் சுளிப்போம். கல்லு கிடக்கு, வாடை அடிக்குன்னு ஆயிரம் நொட்டை சொல்லுவோம். எல்லாம் கொழுப்பு, வேறென்ன?

எங்க அண்ணன் கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு அரிசி மண்டியில கணக்கு எழுதிக்கிட்டிருந்தான். அரிசியே வராத மண்டிக்குக் கணக்கு எதுக்கு? மொதலாளி கடையைப் பூட்டிட்டார்.

அண்ணனுக்குப் பொம்பளைப் பிள்ளை பிறந்து, அது குப்புற விழப் பழகுற சமயம். சோத்துக்குப் பதிலா மரச்சீனி, அதான் மரவள்ளிக் கிழங்கையே தின்னு தின்னு மதினிக்குப் பால் வத்திப்போச்சு. கோவில்பட்டிக் கரிசக்காட்டுல இருந்து மதினியோட அப்பா வந்தார். அழுத பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு, மகளையும் கூட்டிக்கிட்டுக் கிளம்பினார். உங்க வீட்டுல தானியம்னு ஒண்ணு வரட்டும், அன்னைக்கே கொண்டுவந்து விடுதேன்னு சொன்னார். அதுல கோவம் இல்லை. கோவமா சொல்லியிருந்தா நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன்.

அதுக்கு அடுத்த வருஷந்தான் சர்க்கார் ஆளுக ஊர் ஊரா வந்து சோளம் போடுங்க, சோளம் போடுங்கன்னு சொன்னாங்க. நாங்க இருந்த கரமனைக்கு வந்த விவசாய ஆப்பீசர், வடக்கே பஞ்சாப், பீகார்ப் பக்கம் மூட்டை மூட்டையா விளையுது, கப்பல்ல அரிசி வராதவரைக்கும் தேசத்துக்கே இனி இதுதான் கதின்னு மலையாளத்துல பிரசங்கம் பண்ணினார். விதையைச் சும்மாவே கொடுத்தார்.

எங்களுக்குச் சோளம்னா திருநெல்வேலிச் சோளம். உச்சியில கதிர் விட்டு முத்து முத்தா நிக்கும். இந்த விதையோ மஞ்சளா, மாட்டுப்பல்லு மாதிரி இருந்தது. மலையாளத்துச் சோளம் இப்படித்தான் போலன்னு விட்டுட்டோம். மக்காச்சோளம்னு தனியா ஒரு ஜாதி இருக்குன்னு எங்களுக்கு யாரு சொன்னா?

ஆத்தங்கரையில தெரிஞ்சவர் ஒருத்தரோட தரிசைக் கேட்டு வாங்கி, அண்ணன் கொத்தி விதைச்சான். பேனா பிடிச்ச கை, கொப்புளம் உடைஞ்சு ரத்தமாக் கிடந்தது. நான் குடத்துல தண்ணி கொண்டுபோய் ஊத்துவேன். பயிர் ஆள் உயரம் தாண்டி வளர்ந்தது. வந்துருவாங்க பாருன்னு அண்ணன் சொல்லிக்கிட்டே தொட்டில் கொக்கிக்கு எண்ணெய் போடுவான். பிள்ளை இப்ப ஓடி விளையாடுமே, தொட்டில் எதுக்குடா அண்ணான்னு நான் கேலி பண்ணுவேன். சிரிப்பான். கொக்கியைத் துடைக்கிறதை மட்டும் விடமாட்டான்.

உச்சியில பூ வந்தது. மணி பிடிக்கலை. தொட்டா மஞ்சத் தூளாக் கொட்டுச்சு. பதராப் போச்சேன்னு அண்ணன் இடிஞ்சுபோயிட்டான். அப்புறம் பார்த்தா, இடுப்புல இலை இடுக்குல இன்னொரு கதிர், பட்டுநூல் மாதிரி குஞ்சம் நீட்டிக்கிட்டு வருது. மேல இருக்கிற பதரை ஒடிச்சாக் கீழ உள்ளதுக்குச் சத்து இறங்கும்னு அண்ணன் யோசிச்சான். எனக்கும் அது சரின்னுதான் பட்டது. ஒண்ணு விடாம ஒடிச்சுப் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போட்டான்.

கதிரெல்லாம் பச்சைத் தோல் போர்த்திக்கிட்டு நின்னதும் மாமனாருக்குக் கடுதாசி போட்டான். அவர் தனியாத்தான் வந்தார். ஆப்பீசரும் பார்க்க வந்தார். மாமனார் முதல் கதிரை உரிச்சார். உள்ள தக்கை மாதிரி வெள்ளை நெட்டிதான் இருந்தது, அங்கொண்ணு இங்கொண்ணு மணி. அடுத்ததும் அப்படி. அதுக்கடுத்ததும் அப்படி. அண்ணன் கடகடன்னு தானே உரிக்க ஆரம்பிச்சுட்டான். உரிச்சதெல்லாம் காலடியில குவிஞ்சு கிடந்தது.

ஒடிச்சதைக் கேட்டு ஆப்பீசர் தலையில கைய வச்சார். அந்த மஞ்சத் தூள் குஞ்சத்துல விழுந்தாத்தான் மணி பிடிக்குமாம். பாவி மனுசன், விதையைக் கொடுக்கையிலேயே இதைச் சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா!

ஆப்பீசர் போனபிறகு மாமனார் வரப்புல உக்காந்தார்.

"உங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன் மாப்ளே. ஆயுசு பூரா சோளம் போட்டவன் நான். நானும் ஒடிச்சுத்தான் இருப்பேன்" அப்படின்னார். துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு, "மக அங்கேயே இருக்கட்டும்" அப்படின்னார்.

அண்ணன் கையில இருந்த தோலை நார் நாராக் கிழிச்சுக்கிட்டே, "பிள்ளை பேசுதாளா?"ன்னு கேட்டான்.

"நல்லாப் பேசுதா."

"அப்பான்னு சொல்லுதாளா?"

அவர் அண்ணன் முகத்தைப் பார்க்கலை. ஆத்தைப் பார்த்துக்கிட்டிருந்தார்.

"சொல்லுதா மாப்ளே. என்னைத்தான் சொல்லுதா."