அத்தை எடுத்த மானம்

1989 நவம்பர் 5, ஞாயிற்றுக்கிழமை. கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டு ஞாயிறுகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். கார்ப்பரேஷனில் தெரு பெருக்கும் அப்பாவுக்கு வாரத்தில் அந்த ஒருநாள்தான் ஓய்வு. அன்று எங்கள் வாசலை மட்டும் பெருக்குவார். அம்மா கப்பைக் கிழங்கை அவித்து மத்தி மீன் குழம்பு வைப்பாள். அப்பாவின் தங்கையான அத்தை தலைக்குக் குளித்துவிட்டுப் பின்வாசலில் முடி உலர்த்துவாள். நான் மலையாளப் பாடத்தை உரக்கப் படிப்பேன். நான் மலையாளம் தடங்கலின்றிப் படிக்கிறேன் என்பதில் அப்பாவுக்குப் பெருமை. தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது என்பதில் வருத்தம். வீட்டுக்கு வருகிறவர்களிடம் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார்.

அன்றைய ஞாயிறு மத்தியானம் வரைதான் அப்படி இருந்தது. மாலை ஐந்து மணிக்குச் சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து அத்தையைப் பெண் பார்க்க வருகிறார்கள். முன்பு வந்த இரண்டு இடங்கள் தட்டிப்போயிருந்தன. அத்தை யூதர் தெருவான ஜூ டவுனுக்குப் போகிற வழியில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்த்தாள். கழுவி வரும் படங்களை வெட்டி உறையில் போட்டுக் கொடுப்பாள். நாலு ஆண்கள் வந்துபோகிற இடத்தில் வேலை பார்க்கும் பெண் வேண்டாம் என்று இரண்டாவது இடத்தார் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

"இதுவும் போச்சுன்னா, அதுக்கப்புறம் ஆரும் இந்தப் படி ஏறமாட்டான்," என்று அப்பா சோற்றைப் பிசைந்தபடி சொன்னார். அத்தை அவருக்குக் குழம்பு ஊற்றினாள்.

மூன்று மணிக்கு அத்தை துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "பூ வாங்கிட்டு வந்துர்றேன் அண்ணி," என்றாள்.

"பூவுக்கு எதுக்கு அவ்வளவு பெரிய பை?" என்றாள் அம்மா.

அத்தை பதிலுக்கு என் கையைப் பிடித்தாள். நான் கூடப் போவதால் அம்மா மேற்கொண்டு கேட்கவில்லை. பழம்பொரி சுட நேந்திரம்பழம் நறுக்கியிருந்தது. திரும்பி வரும்போது சூடாக இருக்கும் என்ற கணக்கில் நானும் கிளம்பினேன்.

பூக்கடையை நாங்கள் நிற்காமல் கடந்தோம். பஸ் ஏறி ஃபோர்ட் கொச்சி ஜெட்டியில் இறங்கினோம். அங்கிருந்து படகில் ஏறி வைப்பின் தீவுக்குப் போனோம். படகில் வைத்துத்தான் அத்தை பையைத் திறந்து காட்டினாள். உள்ளே ஒரு கேமரா. ஸ்டுடியோ நடத்தும் சேட்டனுடைய பழைய கேமரா. பழுது பார்த்தபின் சோதித்துப் பார்க்கப் போட்ட ஃபிலிமில் இரண்டு படம் மிச்சம் இருந்ததாம். ஞாயிறு ஒருநாள் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

"என்ன எடுக்கப் போறே அத்தே? என்னையா?"

"மானத்தை எடுக்கப் போறேன்."

எங்கள் வீட்டில் வானத்துக்கு மானம் என்றுதான் பேர். என் மலையாளப் பாடப்புத்தகத்திலும் நிலா மானத்தில்தான் இருந்தது. அந்தச் சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது.

வைப்பின் கரையில் கற்சுவரின் மேல் உட்கார்ந்தோம். துலாமாதத்து ஐப்பசி மழை மத்தியானமே பெய்து ஓய்ந்திருந்தது. கடலின் மேல் மேகங்கள் அடுக்கடுக்காகப் பிளந்து, ஒவ்வொரு பிளவிலும் ஒரு நிறம் ஊறிக்கொண்டிருந்தது. இரண்டு வெள்ளைக்காரர்கள் அதைப் பார்த்துக் கேமராவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

"பாரு, கடைக்கு வர்ற ரோல் பூரா இதுதான்," என்றாள் அத்தை. "வைப்பின்ல எடுத்த மானம், போல்காட்டில எடுத்த மானம். சில ரோல்ல ஆள் முகமே இருக்காது. வெட்டி வெட்டி எனக்குக் கைதான் கடுக்கும்."

"எதுக்கு எடுக்கறாங்க? நாளைக்கும் இவிடத்தானே இருக்கும்?"

"மானம் இருக்கும். அவங்க இருக்கமாட்டாங்கல்ல."

அது ஏதோ விடுகதை என்று நினைத்து நான் சிரித்தேன். அத்தை எழுந்து கேமராவைக் கண்ணில் வைத்தாள். ஆனால் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"அத்தே, சூரியன் அந்தப் பக்கம்!"

"தெரியும்டீ."

"எல்லாரும் அங்கேதானே எடுக்கறாங்க?"

"அவங்க எடுக்கட்டும்."

அவள் பார்த்த பக்கத்தில் காயல் கடலில் சேரும் அழிமுகத் தண்ணீர், அதற்கப்பால் எங்கள் கரை, கரையோரச் சரக்குக் கிட்டங்கிகளின் ஓட்டுக்கூரைகள். அவற்றுக்கு மேலே மங்கலான சாம்பல் மேகம், அதன் அடிவயிற்றில் மட்டும் கொஞ்சம் ரோஸ். பார்க்க ஒன்றுமில்லை. அதைத்தான் அத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை எடுத்தாள். இன்று அதே கரையில் மாலையானால் நூறு கைபேசிகள் கடலைப் பார்த்து உயர்கின்றன. முதுகைத் திருப்பி எடுக்கிறவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

படம் எடுத்தாகிவிட்டது. திரும்பப் போகவேண்டியதுதான். ஆனால் அத்தை மறுபடியும் கற்சுவரில் உட்கார்ந்துவிட்டாள்.

ஜெட்டியில் ஒரு படகு கயிற்றை அவிழ்த்தது. "சேச்சி, கேறுந்நுண்டோ?" என்று படகுக்காரர் கூப்பிட்டார். அத்தை தலையசைத்தாள், ஏறவில்லை என்று.

"அடுத்த போட்டுல போகலாம்," என்றாள் என்னிடம்.

அடுத்த படகும் வந்தது, போனது. வெள்ளைக்காரர்கள் அதில் ஏறிப் போனார்கள். கடற்பக்கத்து நிறங்கள் அணைந்துகொண்டே வந்தன. ஐந்து மணி எப்போதோ தாண்டியிருக்கும் என்று எனக்கே தெரிந்தது. "அத்தே, அவங்க வந்திருப்பாங்க," என்றேன். அத்தை மடியில் இருந்த பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "அத்தே, அப்பா தல்லும்," என்றேன். அடிப்பார் என்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். எதிர்க்கரையில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின.

மூன்றாவது படகு வந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பழம்பொரி முழுவதையும் விருந்தாளிகள் தின்றிருப்பார்கள் என்பது ஒரு காரணம். அத்தையின் முகம் எனக்குப் பழக்கமில்லாத முகமாக இருந்தது இன்னொரு காரணம். நான் ஓடிப்போய்த் தனியாகவே படகில் ஏறிக்கொண்டேன். கயிறு அவிழ்ந்து, படகுக்கும் கரைக்கும் நடுவில் தண்ணீர் விலகத் தொடங்கியது. "அய்யோ, கொச்சு ஒற்றைக்கா!" என்று, நான் தனியாகப் போவதைப் பார்த்து யாரோ கத்தினார்கள். அப்புறம்தான் அத்தை ஓடி வந்தாள். படகுக்காரர் நீட்டிய கையைப் பிடித்து அவள் தாண்டியபோது, ஒரு செருப்பு தண்ணீரில் விழுந்து மிதந்து போனது.

சந்து முனையில் அப்பா நின்றிருந்தார். ஸ்டுடியோவரை போய், பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார் என்பது பின்னால் தெரிந்தது. அத்தையின் ஒற்றைச் செருப்பைப் பார்த்தார், பையைப் பார்த்தார். எங்களுக்கு முன்னால் நடந்தார்.

விருந்தாளிகளுக்கு அம்மா மூன்றாவது முறை சாயா கொடுத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா பாயில் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாவின் தம்பி நாற்காலியில். மாப்பிள்ளை வரவில்லை. தட்டில் பழம்பொரி இல்லை.

அந்தத் தம்பிக்காரர் பெரியவர்களை விட்டுவிட்டு என்னைத்தான் கூப்பிட்டார். "பாப்பா, இங்க வா. அத்தையும் நீயும் எங்க போயிருந்திய?"

அப்பாவின் கண் என்மேல் இருந்தது. பொய் சொன்னால்தானே தப்பு என்று நினைத்து, நான் உள்ளதைச் சொன்னேன்.

"அத்தை மானத்தை எடுக்கப் போனாங்க."

தம்பிக்காரர் எழுந்தார். "யாரு மானத்தம்மா?" என்றார். குரலில் இனிப்பு இல்லை. அப்பா மலையாளம் தெரிந்தவர், தினமும் அந்தச் சொல்லைப் புழங்குகிறவர். அவருக்கே அந்த நேரத்தில் அது வானமாகக் கேட்கவில்லை.

"அக்கா, கெளம்பு. ஸ்டுடியோவுல வேல பாக்க பிள்ளன்னு சொல்லும்போதே நான் யோசிச்சேன்."

அந்த அம்மா எழவில்லை. என்னைப் பார்த்து, "ஏட்டி, எந்த மானம்?" என்று கேட்டார். நான் விரலை மேலே தூக்கிக் கூரையைக் காட்டினேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"உக்காருல கோட்டிக்காரா. நம்ம ஊர்லயும் அதுக்கு அதானல பேரு? வெதச்சிட்டு நீ தெனமும் எதப் பாத்துக்கிட்டு நிக்க? மானத்தத்தான?" என்றார் தம்பியிடம். பிறகு அத்தையிடம் திரும்பி, "எங்க ஊர்ல அது ஒண்ணுதான் தாயி நெறையக் கெடக்கு. வந்து வேணுங்கமட்டும் எடு," என்றார்.

அத்தோடு எல்லாம் முடிவானது. தை மாதம் கல்யாணம் என்று பேசினார்கள். அம்மா என்னை இழுத்து நெற்றியில் முத்தம் கொடுத்தாள். நான்தான் அத்தையைக் காப்பாற்றினேன் என்று எனக்கு ஒரே பெருமிதம். அத்தையை நிமிர்ந்து பார்த்தேன். அவள் ஒற்றைச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

விருந்தாளிகள் சந்து முனையைத் தாண்டியதும் அப்பா பையை வாங்கிக் கேமராவை எடுத்தார்.

"இதுக்குள்ள என்ன இருக்குன்னு நான் பாக்கணும்."

"அண்ணா, வேண்டாம், வெளிச்சம்—"

அதற்குள் அவர் கேமராவின் பின்மூடியைத் திறந்துவிட்டார். வாழ்நாளில் கேமராவைத் தொட்டிராத மனிதர். பழுப்பு நாடா சுருள் பிரிந்து தரையில் இறங்கியது. அவர் அதை ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்து, அடிமுதல் நுனிவரை ஒரு முகத்தைத் தேடினார்.

"ஒண்ணுமே இல்லையே?"

"இப்ப ஒண்ணும் இல்லண்ணா," என்றாள் அத்தை.

"தெறந்தா படம் போயிரும்னு எனக்கே தெரியும்," என்றாள் அம்மா. "பெருக்குறது போல எல்லாத்தையும் வாரிப் பாத்துரணும் உங்களுக்கு."

அப்பாவின் கையிலிருந்து நாடாவை வாங்கி, அத்தை நூல் சுற்றுவதுபோல விரலில் சுற்றிக்கொண்டே பின்வாசலுக்குப் போனாள்.

மறுநாள் விடியற்காலையில் அப்பா என்னை எழுப்பினார். வேலைக்குக் கிளம்பி, விளக்குமாற்றுடன் நின்றார். என்னை வாசலுக்குக் கூட்டிப்போய், யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்.

"நேத்து அவ எங்க பாத்து எடுத்தா? கடலப் பாத்தா?"

"இல்லப்பா."

"அப்புறம்? அங்க ஆரு நின்னா?"

"ஆரும் இல்ல. திரும்பி நின்னு இங்க பாத்து எடுத்தாங்க."

"இங்கயா?"

"ஆமாப்பா. இங்கதான். நம்ம மானத்தைத்தான் எடுத்தாங்க."

நாள் முழுவதும் தரையைப் பார்த்தே வேலை செய்கிறவர், விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். எங்கள் சந்தின் ஓடுகளுக்கும் மின்கம்பிகளுக்கும் மேலே ஒரு துண்டு மானம் வெளுத்துக்கொண்டிருந்தது. வேலைக்கு நேரமாகியும் அவர் தலையை இறக்கவில்லை. மழை வருமா என்று பார்க்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.