ஐந்து ஸ்பீக்கரும் வலப்பக்கம்

துபாய்க்கு வேலைக்குப் போன மச்சான் தன் ஹோம் தியேட்டரை எங்கள் வீட்டில் இறக்கிவிட்டுப் போனான். மூலைக்கு ஒன்றாக நான்கு ஸ்பீக்கர், நடுவுக்கு ஒன்று, தரையில் வைக்க, தம் தம் என்று பாஸ் அடிக்கும் ஒரு தடியன். திருவொற்றியூரில் எங்கள் ஹால் இரண்டு பாய் விரித்தால் நிரம்பிவிடும். பீரோவின் தலையில், ஜன்னல் கட்டையில், ஸ்டூலில் என்று எப்படியோ எல்லாவற்றையும் உட்கார வைத்தேன்.

எனக்குக் காதால்தான் சோறு. எண்ணூர் பக்கம் ஓர் ஆலையில் பம்பு மெக்கானிக். ஓடுகிற பம்பின் பேரிங்கில் நீளமான ஸ்க்ரூடிரைவரை ஊன்றி, பிடியைக் காதோரம் வைத்துக் கேட்பேன். "ஓட்டலாம்" என்று நான் சொன்னால் ஓட்டுவார்கள். போன மாதம் அப்படிச் சொன்ன ஒரு பம்பு சிக்கி, அதை மோட்டாரோடு சேர்க்கும் கப்ளிங் உடைந்து பறந்தது. பக்கத்தில் யாரும் இல்லாதது யார் செய்த புண்ணியமோ. "என்னய்யா, காது கேக்குதா இல்லியா?" என்றார் இஞ்சினியர். ஆயில் சரியில்லை என்று அவரிடமே கத்திவிட்டு வந்தேன். ஆனால் அந்தக் கேள்வி போகவில்லை. சோற்றைப் பிசையும்போதும் கூடவே இருந்தது.

என் மனைவி வீட்டில் டைப்பிங் வேலை செய்யும் கம்ப்யூட்டரில்தான் இதை மாட்ட வேண்டும். பச்சை, கறுப்பு, ஆரஞ்சு என்று மூன்று பின்கள், அதே நிறத்தில் துளைகள். செருகினேன். முன்னால் இருந்த இரண்டு மட்டும் பாடின. அவள் செட்டிங்ஸில் நோண்டி, இரண்டு ஸ்பீக்கர் என்று இருந்ததை ஐந்துக்கு மாற்றினாள். திரையில் ஸ்பீக்கர் படங்கள் வந்தன. எதைத் தட்டுகிறோமோ அது மட்டும் 'டிங்' என்று அடிக்கும். நான் நடு ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அவள் மவுஸைப் பிடித்தாள்.

"இது லெஃப்ட்டு."

டிங். வலப்பக்கம் வந்தது.

"ஒயரு மாறிகீது," என்று எழுந்து, பின்னால் இருந்த இடது, வலது ஒயர்களை மாற்றிச் செருகினேன். மறுபடி தட்டினாள். மறுபடியும் வலப்பக்கம்.

"யோவ், மொதல்ல செருகினதுதான்யா சரி. லெஃப்ட்ட தட்டுனா லெஃப்ட்லதான் அடிச்சிச்சு."

"உனக்கு இன்னா தெரியும்? கம்முனு தட்டு."

தட்டினாள். முன் இடது, பின் இடது, நடு. எல்லாம் வலப்பக்கமே வந்தன. அந்தப் பக்கத்து ஸ்பீக்கர் ஒன்றே ஐந்து வேடம் போடுவதுபோல. மச்சான் ஓட்டைப் பெட்டியைத் தலையில் கட்டிவிட்டான் என்று அவனைத் திட்டினேன். அவன் அப்பாவையும் சேர்த்துத் திட்டினேன். அவர் இவளுக்கும் அப்பாதான். அவள் ஒரு பாட்டை ஓடவிட்டாள், எழுந்து என் பின்னால் வந்தாள், உள்ளங்கையால் என் வலது காதை அழுத்தி மூடினாள்.

பாட்டு போய்விட்டது. ரோட்டில் டிரெய்லர் லாரிகள் போகிற சத்தமும் போய்விட்டது. இடது பக்கம் தகரத்தைச் சுரண்டுவதுபோல் ஏதோ லேசாக இருந்தது, அவ்வளவுதான். அவள் கையில் துணி சோப்பு வாசனை அடித்தது. பயம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. கை மரத்துப்போனால் அதைத் தொட்டுப் பார்ப்போமே, அப்படி என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கையை எடுத்தாள்.

"நான் பேசினது எதுனா கேட்டுச்சா?"

"பேசினியா?"

அவள் முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"உனக்கு எப்பலேந்து தெரியும்?" என்றேன்.

"ரெண்டு வருசமா வலதாண்டதானே படுத்துகினு கீறேன். இடதாண்ட பேசுனா நீ திரும்புறதேயில்ல."

அவள் இடம் மாறிப் படுத்தது ஃபேன் காற்றுக்காக என்று நினைத்திருந்தேன்.

"சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா வள்ளுனு வுழுவே. வேலை போயிடும்னு எனக்கும் பயந்தான்யா."

பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவளே எழுந்துபோய் நிறுத்தினாள். டார்ச்சை வலது கையில் பிடிப்பேன், ஸ்க்ரூடிரைவரை இடது கையில். பிடியை வைப்பதெல்லாம் இடது காதில்தான். காதுக்குப் பின்னால் எலும்பு அதிர்வதையே நான் சத்தம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்த இரண்டு வருடத்தில் எத்தனை பம்புக்கு "ஓட்டலாம்" என்றேன் என்று நினைத்துப் பார்த்தேன். ஒரு பம்புகூட நினைவுக்கு வரவில்லை. அவற்றின் பக்கத்தில் நின்று டிபன் பாக்ஸைத் திறக்கிற ஆட்கள்தான் வந்தார்கள்.

"காலீல போனதும் சார்கிட்ட காதப் பத்திச் சொல்லிடுறேன்," என்றேன்.

அவள் அழுதாள். எனக்கு அழுகைகூட வரவில்லை.