முதல் பக்கம் ஆயாவுக்கு

என் சம்பந்தியம்மா ஒரு புத்தகம் தயாரித்தபோது நான் கூடவே இருந்தேன். கூட இருந்தேன் என்றால் பெரிய உதவி செய்தேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். காப்பி போட்டுக் கொடுத்தேன், கொட்டாவி விட்டேன். அவ்வளவுதான். ஆனால் அந்தக் கொட்டாவி இல்லாமல் புத்தகம் இல்லை.

அவரும் நானும் ஒரே ரப்பர் எஸ்டேட்டில் பிறந்தவர்கள். அவர் படித்து டீச்சர் ஆனார். நான் மூன்றாம் வகுப்போடு பால்மரம் வெட்டப் போய்விட்டேன். பிறகு என் மகள் அவர் மகனைக் கட்டிக்கொண்டாள். பெண்ணைக் கொடுத்தவள் அடக்கமாகப் பேச வேண்டுமாம். மூக்கொழுகிக்கொண்டு என் பின்னால் ஓடி வந்தவரிடம் நான் எப்படி அடங்கிப் போவது?

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவருக்கு இந்த யோசனை வந்தது. எஸ்டேட் இருந்த இடத்தில் இப்போது வரிசை வரிசையாக வீடுகள். அங்கே வேலை செய்த பெண்கள் ஆளுக்கொரு பக்கமாகச் சிதறிவிட்டோம். அவர் தன் சின்னக் காரை ஓட்டிக்கொண்டு ஒவ்வொருத்தியையும் தேடிப் போனார். சொன்னதையெல்லாம் கைப்பேசியில் பதிவு செய்து, இரண்டு விரலால் தட்டித் தட்டிக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். இதையெல்லாம் நல்ல தமிழுக்கு மாற்றிவிடலாமே என்று அச்சகத்துக்காரர் சொன்னாராம். "அவங்க வாய எடுத்துட்டு வேற வாய வெக்க நான் யாரு?" என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறார்.

பக்கங்களை அடுக்க அவருக்கு இடம் வேண்டியிருந்தது. செண்டாயானில் என் மகன் வாங்கிய வீட்டில் ஹால் பெரியது, நாற்காலி வாங்க அவனுக்கு இன்னும் மனம் வரவில்லை. ஆகவே தரை முழுவதும் புத்தகம். ஒவ்வொருத்தி கதையும் ஒரு கட்டு. மின்விசிறிக் காற்றில் பறக்காமலிருக்க ஒன்றின்மேல் உப்பு ஜாடி, ஒன்றின்மேல் பிஸ்கட் டின், ஒன்றின்மேல் என் மகனின் காலணி. என் கதைமேல் அம்மிக் குழவி.

"ஏன் சம்பந்தி, எனக்கு மட்டும் குழவிக்கல்லு?"

"உங்க கதையிலதான் பொய் ஜாஸ்தி. கனமே இல்ல, பறந்துடும்லா."

நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அதனால் அவர் சத்தமாகப் படிப்பார், நான் சுவரில் சாய்ந்து கேட்பேன். எனக்குக் கொட்டாவி வந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். வீட்டுக்குப் போய் அந்த இடத்தைச் சுருக்கிக்கொண்டு வருவார். நான் சிரித்த இடத்தில் எதுவும் செய்ய மாட்டார். ஒருநாள் தன் முன்னுரையைப் படித்தார். நான்கு பக்கம், எல்லாம் கனத்த சொற்கள். இரண்டாவது வரியிலேயே என் வாய் திறந்துகொண்டது. மூட முயன்றேன், முடியவில்லை. அவர் என்னைப் பார்த்தார். பிறகு நான்கு பக்கத்துக்கும் குறுக்கே கோடு கிழித்துவிட்டு, "அடுத்தது கேளுங்க" என்றார். அது என் எழுத்தாக இருந்திருந்தால் கொட்டாவி விட்டவளை உதைத்திருப்பேன்.

எந்தக் கதை முதலில் வருவது என்பதில் மட்டும் அவருக்குக் குழப்பமே இல்லை. ஆயாவின் கதைதான்; பதிவு செய்யப் போன அன்று ஆயா அசந்து தூங்கிவிட்டதால் அது ஒரே பக்கம். எஸ்டேட்டில் தாய்மார்கள் பால் வெட்டப் போகும்போது கைப்பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போவார்கள். எங்கள் எல்லோரையும் அங்கே தூக்கி வளர்த்தவர் அவர். தொண்ணூறைத் தாண்டி, இன்று ராசா என்ற ஊரில் மகள் வீட்டில் இருக்கிறார்.

அவருடைய அந்தக் காலத்துப் படம் ஒன்றே ஒன்றுதான் உலகத்தில் இருந்தது. இடுப்பின் இரு பக்கமும் இரண்டு பிள்ளைகளோடு கொட்டகை வாசலில் நிற்பார். அது எங்களை வேலை வாங்கிய கங்காணியின் வீட்டு ஆல்பத்தில் இருந்தது. கங்காணியைப் பற்றி எல்லோரும் சொன்னதைச் சேர்த்துச் சம்பந்தியம்மா நான்காவது கட்டாக வைத்திருந்தார். கங்காணியின் பேத்தி மந்தினில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். கேட்டதும் ஆல்பத்தைக் கொடுத்தார். சம்பந்தியம்மா ஆயாவின் படத்தையும் இன்னும் சிலவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஆயாவை முதல் கதைக்கு எதிர்ப்பக்கத்தில் வைத்தார்.

எல்லாம் முடிந்தது. அச்சகத்துக்குக் கொடுக்குமுன் பெயர்களைச் சரிபார்த்துக்கொள்ளலாம் என்று பொருளடக்கத்தைப் படமெடுத்து, எங்கள் எஸ்டேட்காரர்களின் வாட்சாப் குழுவில் போட்டார். அங்கேதான் தவறு.

எங்கள் எஸ்டேட் கோயிலில் திருவிழா முடிந்ததும் காளாஞ்சி கொடுப்பார்கள். தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை. யாருக்கு முதலில், யாருக்கு அடுத்தது என்பதில் அண்ணன் தம்பி பேச்சை நிறுத்தியிருக்கிறார்கள். அப்படி வளர்ந்தவர்களிடம் வரிசையாகப் பெயர் எழுதி அனுப்பினால் என்ன ஆகும்? யாரும் அதைப் பொருளடக்கமாகப் பார்க்கவில்லை. காளாஞ்சி வரிசையாகத்தான் பார்த்தார்கள்.

"எங்க அத்த எப்படி டீச்சர் ஒம்பதாவது?"

"அவளுக்குப் பின்னாலயா எங்கம்மா? அவ வெட்டுன மரத்துல பாலே வராது!"

ஒவ்வொருவருக்கும் அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். கடைசியில் மந்தினிலிருந்து கங்காணியின் பேத்தி போன் செய்தார்.

"கோயில்ல மொத தட்டு எங்க தாத்தாவுக்குத்தான் டீச்சர். புத்தகத்துல நாலாவதா? அவர மொதல்ல போடுங்க. இல்லன்னா எங்க வீட்டுப் படம் எதையும் போட வேணாம்."

சம்பந்தியம்மா போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். முதல் இடத்தைக் கொடுத்தால் ஆயா இறங்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஆயாவின் முகம் புத்தகத்தில் இருக்காது.

எனக்கு உடனே வழி தோன்றியது. "இதுக்கா இப்படி உக்காந்துட்டீங்க? சாமி ஊர்வலத்துல யாரு மொதல்ல போறா? மேளக்காரன். ரதம் எப்ப வருது? கடைசில. உங்க தாத்தாதான் ரதம்னு சொல்லி கடைசில தள்ளிடுங்க."

அவர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு, "வேணாம் சம்பந்தி. நாம சொன்னா நம்பிடுவாங்க. அதான் வேணாம்" என்றார்.

"சரி, ஆல்பத்தத் திருப்பிக் குடுங்க. படந்தான் கம்ப்யூட்டர்ல இருக்குல்ல?"

"குடுத்தவங்க வேணாங்கறாங்க. அப்புறம் அது நம்ம படமில்ல."

மறுநாள் மந்தினுக்குப் போனோம். கடையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே அந்த அம்மாள் எங்களுக்கு ஸ்டூல் போட்டு, குளிர்பானம் திறந்து கொடுத்தார். சண்டைக்காரி இல்லை அவர்.

"அந்தப் புத்தகத்துல பாதிப் பேரு எங்க தாத்தாவத் திட்டித்தான் சொல்லியிருப்பாங்க. எனக்குத் தெரியும் டீச்சர். மொதல்லயாச்சும் இருந்தா ஒரு மரியாத இருக்கும்னுதான் கேட்டேன்."

"திட்டியிருக்காங்க" என்றார் சம்பந்தியம்மா. "பள்ளிக்கூடத்துக்கு ரெண்டாவது ரூம் வேணும்னு தொர கிட்டப் போயி நின்னவரு அவருதான். அதையும் போட்டிருக்கேன். ரெண்டுல எதையும் எடுக்க மாட்டேன். மொதப் பக்கம் ஆயாவுக்கு. அவங்க சோறூட்டி வளந்தவ நான். வேற காரணம் கெடையாது."

"அப்பப் படம் தர முடியாது டீச்சர்."

"சரிம்மா."

சம்பந்தியம்மா துணியில் சுற்றிய ஆல்பத்தை இரண்டு கையாலும் கொடுத்தார். பிறகு மடிக்கணினியைத் திறந்து, அந்த அம்மாள் பார்க்கும்படியே திருப்பி வைத்து, படங்களை ஒவ்வொன்றாக அழித்தார். ஆயாவின் படம் கடைசி. விரல் கொஞ்சம் நின்றது. அப்புறம் தட்டிவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என் வீட்டாரைக் கேட்டால் சொல்வார்கள்.

வீட்டுக்கு வந்ததும், "மொகத்த வார்த்தையில எழுதிடலாம்" என்றார். கொட்டகையில் வளர்ந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டார். அந்தக் காலத்தில் ஆயா முகம் எப்படி இருந்தது என்று கேட்டார். ஒருவருக்கும் ஞாபகமில்லை! ஒருத்தர் சொன்னார், கையில் வெங்காய வாசம் வரும் என்று. ஒருத்தி, கழுத்து வேர்வையில் கன்னம் ஒட்டிக்கொள்ளும் என்றாள். தூங்காத பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டுக் காலால் ஆட்டிக்கொண்டே கையால் இன்னொன்றுக்கு மூக்குச் சிந்துவாராம். முதுகில் விழுந்த அடி எல்லோருக்கும் ஞாபகம். என்னையும் கேட்டார். "அவங்க இடுப்பெலும்பு. இன்னிக்கும் தொடையில குத்துது" என்றேன். சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

படம் இருந்த பக்கத்தில் அதை வைத்தார். படித்துக் காட்டினார். நானும் கொட்டாவிக்காகக் காத்திருந்தேன். வரவேயில்லை.

ஆயா சரி என்று சொல்லாமல் கொடுக்கமாட்டேன் என்று சம்பந்தியம்மா பிடிவாதம் பிடிக்க, அச்சகத்துக்குக் கொடுக்கவேண்டிய அன்று காலையில் ராசாவுக்குப் போனோம். ஆயா கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். படம் போடமுடியாமல் போனதைச் சம்பந்தியம்மா முதலிலேயே சொல்லி, மன்னிப்பும் கேட்டார்.

"போட்டாவா? அன்னிக்கு எனக்குக் காய்ச்ச. மூஞ்சி வீங்கிக் கெடந்துச்சு. போனாப் போவுது. நீ படி."

அவர் படித்தார். ஆயா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அடி என்ற இடம் வந்ததும் கண் திறந்தது.

"எவ அப்படிச் சொன்னா?"

"எல்லாரும் சொன்னாங்க ஆயா."

"எல்லாரையுந்தான் அடிச்சேன். சரியாத்தான் சொல்லியிருக்குதுங்க." சம்பந்தியம்மா கையிலிருந்த தாளைத் தொட்டுப் பார்த்தார். "அவ்வளவுதானா?"

"உங்க கதை ஒரு பக்கம், இது ஒரு பக்கம் ஆயா."

"ஏண்டி, அத்தன புள்ளைங்களத் தூக்குன இடுப்பு, ரெண்டே பக்கத்துல முடிச்சுட்டியே. மொதல்ல வெச்சா மட்டும் போதுமா? வயித்தால போவுற புள்ளைக்கு நான் என்ன குடுப்பேன்னு எழுதுனியா? ஆத்தாக்காரி பால் வெட்டுல இருந்து வர்றதுக்குள்ள பசியில கத்துற புள்ளைய எப்படி ஏமாத்துவேன்னு எழுதுனியா?"

"இல்ல ஆயா."

"அப்ப எழுது."

கைப்பையில் போன் அடித்தது. அச்சகம். எட்டிப் பார்த்த நான், "சம்பந்தி, அவங்கதான்" என்றேன். அவர் பார்க்காமலேயே அதை அணைத்தார். கைப்பையை ஓரமாகத் தள்ளிவிட்டு, கட்டிலருகே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பேனாவைத் திறந்தார்.

"மெதுவா சொல்லுங்க ஆயா. நான் இருக்கேன்."